ஒற்றனுக்கு யார் சாட்சி?

காவல்துறைக் கதைகளில் ஊடுருவிய ஒற்றரும் பிளவுண்ட பற்றும்

திருக்குறளின் பொருட்பாலில் 59-ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. அதன் பத்துக் குறட்பாக்களும் அரசனின் இருக்கையிலிருந்து ஒற்றனை நோக்குவன. ஒற்றும் நூலும் மன்னனுக்குக் கண்கள் என்று தொடங்கி, ஒற்றன் பூணும் வேடம், துன்புறுத்தினும் சோராத அவன் மனத்திண்மை, ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றொருவன் செய்தியோடு ஒத்துப்பார்க்கும் முறை, ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளும் திறம் என அது விரிந்து செல்கிறது. இறுதிக் குறளில் வள்ளுவர் விடுக்கும் எச்சரிக்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது. செய்தால் மறைபொருளை மன்னன் தானே வெளிப்படுத்தியவன் ஆவான்.

ஆள்வோர் நோக்கில் இஃது ஐயத்துக்கு இடமற்ற அறிவுரை. ஆயின் அதே குறளை ஒற்றனின் இடத்தில் நின்று படித்தால் வேறொரு பொருள் தோன்றுகிறது. அவன் தொண்டு எவர் கண்ணிலும் படாது. அவன் நேர்மையை அறிந்தவர் ஒருவரோ இருவரோதாம். அந்த ஒருவர் இறந்துவிட்டால் என்ன ஆகும்? அவர் வாய் திறக்க மறுத்தால், அல்லது அவரே எதிரியின் ஆளாக இருந்தால், ஒற்றனின் கதி யாது? அரசியல் நூலாகிய குறளுக்கு இவ்வினா தேவைப்படவில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் வளர்ந்த காவல்துறைக் கதைகளோ இவ்வினாவையே தம் உயிர்நிலையாகக் கொண்டுள்ளன.

குற்றக் கும்பலுக்குள் புகுந்த காவலன், காவல்துறைக்குள் புகுந்த குற்றவாளி என்னும் இருவரைப் பற்றிய கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இலக்கிய அரங்குகளில் உண்டு. பிளவுண்ட மனம்தான் அவற்றின் பொருள் என்று கூறுவோரும் உளர். மனத்தின் பிளவுக்கும் முன்னதாக அவற்றில் வேறொன்று நிகழ்கிறது. ஒரு மனிதன் தன் சாட்சியை இழக்கிறான். இவ்வகைக் கதையின் வரலாற்றைச் சாட்சியின் வரலாறாகப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

சிறையில் பிறந்த துறை

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பிரான்சு நாட்டின் யூழேன் பிரான்சுவா விடோக். 1775-இல் அராஸ் நகரில் பிறந்த இவர் பலமுறை சிறைப்பட்டு, பலமுறை தப்பியவர். 1809-இல் தாமே காவல்துறையை அணுகிச் சிறைக்குள்ளிருந்து உளவு சொல்ல உடன்பட்டார். உடனிருந்த கைதிகளின் பேச்சு வெளியே சென்றது. அவர்களோ அவரைத் தம்முள் ஒருவராகவே மதித்தனர். அவர் விடுவிக்கப்பட்டபோதும் ஐயம் எழாதிருக்க, அது சிறையிலிருந்து தப்பியதுபோல் ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னர்ப் பாரிசில் அமைந்த ‘சூர்த்தே’ என்னும் குற்றப் புலனாய்வுப் படையின் முதல் தலைவரானார். அப்படையிற் பலரும் முன்னாள் குற்றவாளிகள்.

1827-இல் பதவி துறந்த விடோக், அடுத்த ஆண்டே தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். அந்நூலில் பிறர் கைவண்ணமும் புனைவும் கலந்தன எனினும் ஐரோப்பா அதனை விரும்பிப் படித்தது. அவரை நன்கறிந்த பல்சாக், வோத்ரேன் என்னும் மறக்கவியலாத பாத்திரத்தைப் படைக்க அவரிடமிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டார். பல்சாக்கின் புதின வரிசையில் தப்பியோடிய கைதியாக அறிமுகமாகும் வோத்ரேன், இறுதியில் காவல் தலைவன் ஆகிறான். திருடனும் காவலனும் ஓருடலில் வாழும் கற்பனை நவீன காவல்துறையின் பிறப்போடு உடன்பிறந்தது என்பது இதனால் விளங்கும். விடோக்கின் கதையில் அவருக்குச் சாட்சி அவரேதாம். இருபுறமும் வாழ்ந்தவர், தம் வாழ்வைத் தாமே எழுதித் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டார்.

சாட்சிக்கூண்டில் ஒற்றன்

அடுத்த கட்டம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் நிகழ்ந்தது. அங்குத் தொழிலாளர் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர். சுரங்க மேலாளர்களும் பிறரும் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ‘மாலி மக்வயர்ஸ்’ என்னும் மறைகுழுவே பொறுப்பு என்று கருதப்பட்டது. இரயில்வே, நிலக்கரி நிறுவனத் தலைவரான பிராங்க்ளின் கோவன், பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். அந்நிறுவனம் 1873-இல் அனுப்பிய ஜேம்ஸ் மக்பார்லண்ட் தாமும் அயர்லாந்துக்காரர். மக்கென்னா என்னும் பெயரில் இரண்டாண்டுகளுக்கு மேல் அம்மக்களோடு உண்டு, குடித்து, பாடி, உறுதிமொழி எடுத்து வாழ்ந்தார். 1876-இல் நீதிமன்றத்தில் தம் மெய்ப்பெயரோடு தோன்றி, நண்பர்களாயிருந்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

ஒற்றனை அனுப்பியவர் நிறுவனத் தலைவர். வழக்குகளில் அரசுத் தரப்பில் வாதிட்டவர்களுள் ஒருவரும் அவரே. கொலைகள் நிகழப்போவதை முன்னரே அறிந்திருந்தும் மக்பார்லண்ட் தடுக்காதிருந்தாரா என்னும் கேள்வி அன்றே வழக்குமன்றத்தில் எழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1979-இல், தூக்கிலிடப்பட்டவர்களுள் முதன்மையானவரான ஜான் கேஹோவுக்குப் பென்சில்வேனியா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

கானன் டாயில் 1914, 1915 ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட ‘அச்சப் பள்ளத்தாக்கு’ என்னும் ஷெர்லக் ஹோம்ஸ் புதினம் இவ்வழக்கை அடியொற்றியது. புதினத்தில் ஒற்றன் களங்கமற்ற வீரன். சுரங்கத்தாரின் வறுமையோ நிறுவனத்தாரின் ஆதாயமோ கதையின் சுமையாவதில்லை. வரலாறு ஐயுற்ற சாட்சியைக் கதை ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. துப்பறியும் கதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்று கேட்கப் பழகுவோர்க்கு இது நல்ல பாடம்.

இரு தலைவர்க்கும் ஓர் ஆள்

உருசியப் பேரரசில் ஒற்றாடல் உச்சத்தையும் அதனுடனேயே தன் அழிவையும் கண்டது. யெவ்னோ அசெஃப் 1893-இல், செர்மனியில் மாணவராக இருந்தபோதே, சார் மன்னரின் அரசியல் காவல்துறைக்குச் செய்தி விற்கத் தொடங்கினார். பின்னர்ச் சோசலிசப் புரட்சியாளர் கட்சியில் உயர்ந்து, 1903-இல் அதன் ஆயுதப் பிரிவுக்குத் தலைவரானார். தலைமை அவருக்குக் கிட்டியது முந்தைய தலைவர் கைதானதால். அவரைக் காட்டிக்கொடுத்தவரும் அசெஃபே என்று கூறுவோர் உளர். 1904-இல் உள்துறை அமைச்சர் பிளேவே குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். காவல்துறை அந்த அமைச்சரின் ஆளுகைக்கு உட்பட்டது. கொலையைத் திட்டமிட்டவரோ அதே துறையிடம் மாதந்தோறும் ஊதியம் பெற்றவர். 1905-இல் மன்னரின் சிற்றப்பாவான செர்கெய் கோமகனும் அப்பிரிவினரால் கொல்லப்பட்டார்.

அசெஃப் யாருக்கு உண்மையாக இருந்தார்? காவல்துறை தன் ஆள் என்று நம்பியது. கட்சியும் அவ்வாறே நம்பியது. விளதிமீர் புர்ட்சேவ் என்னும் பத்திரிகையாளர் அவர்மீது ஐயுற்றபோது கட்சித் தலைவர்கள் புர்ட்சேவ்மீதே சினந்தனர். 1908-இல் புர்ட்சேவ், காவல்துறையின் முன்னாள் தலைவர் லோபுகினைச் செர்மனியில் ஓர் இரயில் பயணத்தில் சந்தித்துப் பேசினார். அசெஃப் தம் துறையின் ஆள் என்பதை லோபுகின் ஒப்புக்கொண்டார். 1909 தொடக்கத்தில் கட்சி அசெஃபைத் துரோகி என்று அறிவித்தது. உண்மை சொன்ன லோபுகின் அரசால் தண்டிக்கப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அசெஃபோ தப்பி, செர்மனியில் மறைந்து வாழ்ந்து 1918-இல் இறந்தார். ஒற்றனின் மெய்ம்மையை அறிந்தவர் வாய் திறந்தால் அதுவும் துரோகமாகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஒற்றனின் உள்ளம்

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் ஆங்கில இலக்கியம் இப்பொருளை இருவேறு வகைகளில் கையாண்டது. செஸ்டர்டன் 1908-இல் எழுதிய ‘வியாழன் என்னும் மனிதன்’ அதனை நகைச்சுவையாக்கியது. அரசின்மைவாதிகளின் மறைகுழுவுக்குள் புகும் காவலன், அங்குள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னைப்போல் வேடமிட்ட காவலரே என்பதைப் படிப்படியாகக் காண்கிறான். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதிருக்கவேண்டும் என்ற நெறி எல்லை மீறினால் நேரும் அபத்தத்துக்கு இதனினும் சிறந்த சித்திரம் இல்லை.

மற்றொரு வகை ஜோசப் கான்ராடுடையது. போலந்துக் குடும்பத்தில் பிறந்து, தந்தை உருசிய அரசால் நாடுகடத்தப்பட்டதைச் சிறுவயதிலேயே கண்ட அவர் 1907-இல் ‘இரகசிய ஒற்றன்’ எழுதினார். 1911-இல் ‘மேலைக் கண்களின் கீழ்’ வெளிவந்தது. பின்னதன் நாயகன் ரசூமோவ் உற்றார் அற்ற மாணவன். அமைச்சர் ஒருவரைக் கொன்றுவிட்டு அடைக்கலம் தேடி வந்த ஹால்டின் என்னும் தோழனை அவன் காட்டிக்கொடுக்கிறான். காவல்துறை அவனை விடுவதில்லை. ஜெனீவாவில் வாழும் புரட்சியாளரிடையே ஒற்றனாக அனுப்புகிறது. அங்கே அவன் சந்திப்பது ஹால்டினின் தங்கை நத்தாலியாவை. தன் அண்ணனின் உயிர்த்தோழன் என்று நம்பி அவள் அவனிடம் அன்பு கொள்கிறாள்.

ரசூமோவை ஐயுறுவார் எவரும் இல்லை. அவன் முழுமையாகத் தப்பிவிட்டான். அந்நிலையில் தானே சென்று அவளிடமும் புரட்சியாளரிடமும் உண்மையைச் சொல்கிறான். அதன் விலையாக அவன் செவிப்பறைகள் தகர்க்கப்படுகின்றன. ஒட்டுக்கேட்டு வாழ்ந்தவன் கேளாதவன் ஆகிறான். தன்னைப் பற்றிய உண்மையை அறிந்த ஒருவரேனும் உலகில் இல்லாமல் வாழ்வது பொறுக்கவொண்ணாதது என்பதே அவன் ஒப்புதலுக்குக் காரணமாகத் தோன்றுகிறது. ஒற்றனைக் கதையின் கருவியாக வைக்காமல் அதன் துன்பமாகவே ஆக்கிய பெருமை கான்ராடுக்கு உரியது. பின்வந்த காவல்துறைக் கதைகளுள் சிறந்தவை யாவும் அவருக்குக் கடன்பட்டவை எனலாம்.

இடையறாத நரகம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பொருள் திரைப்படத்தில் குடிபுகுந்தது. அதற்கு மிகப் பொருத்தமான நிலமாக அமைந்தது ஹாங்காங். அங்குக் காவல்துறையில் ஊழல் ஊறியிருந்தது. 1973-இல், 43 இலட்சம் ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட செல்வம் சேர்த்திருந்த பீட்டர் காட்பர் என்னும் உயர் அதிகாரி, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டனுக்குத் தப்பினார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1974-இல் ஊழலுக்கு எதிரான தனி ஆணையம் நிறுவப்பட்டது. 1977-இல் அவ்வாணையத்தை எதிர்த்துக் காவலரே கிளர்ந்தெழ, பழைய குற்றங்கள் பலவற்றுக்கு ஆளுநர் மன்னிப்பு அறிவிக்கவேண்டியதாயிற்று. காவலன் யார், கள்வன் யார் என்பது அந்நகரத்தார்க்குப் பட்டறிவில் எழுந்த வினா.

1981-இல் வெளிவந்த ‘மேன் ஆன் தி பிரிங்க்’, 1987-இல் வெளிவந்த ‘சிட்டி ஆன் ஃபயர்’, 1992-இல் வெளிவந்த ‘ஹார்ட் பாயில்ட்’ ஆகியவை கும்பலுக்குள் புகுந்த காவலனின் தனிமையைத் தொடர்ந்து பேசின. இவ்வரிசையின் நிறைவு 2002-இல் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இயக்கிய ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’. அதன் சீனத் தலைப்பு, இடையறாத துன்பத்தின் இடமாகப் பௌத்தம் கூறும் அவீசி நரகத்தைக் குறிக்கும்.

காவல் பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவனாகக் காட்டப்பட்டுக் கும்பலுக்குள் அனுப்பப்படுகிறான் ஒருவன். கும்பல் தலைவனால் காவல்துறைக்குள் அனுப்பப்படுகிறான் மற்றொருவன். ஆண்டுகள் உருள்கின்றன. தத்தம் பக்கத்தில் ஒளிந்துள்ள ஒற்றனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இருவருக்கும் வந்து சேர்கிறது. கும்பலில் இருக்கும் காவலனைக் காவலன் என்று அறிந்தவர் ஒரே ஓர் அதிகாரி. அவர் கட்டடத்தின் உச்சியிலிருந்து தள்ளப்பட்டு, வீதியில் நிற்கும் வாடகைக் காரின்மேல் விழும் காட்சியைக் கண்டோர் மறவார். அங்கு இறப்பது ஒரு நல்ல மனிதர் மட்டுமல்லர். மற்றொருவனின் மெய்ப்பெயரும் அவரோடு இறக்கிறது. எஞ்சியிருப்பது கணிப்பொறியில் உள்ள ஒரு கோப்பு. அதையும் எதிராளி அழித்துவிடுகிறான். காவலனுக்குரிய மரியாதை அவனுக்குக் கிட்டுவது கல்லறையில்தான். பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்ற நெறி அவன் உயிரோடு இருந்த நாள்முழுதும் காக்கப்பட்டது.

1997-இல் பிரிட்டனின் ஆட்சியிலிருந்து சீனாவின் ஆட்சிக்கு மாறிய நகரத்தின் அடையாளக் குழப்பத்தை இப்படத்தில் காணும் திறனாய்வாளர் பலர். இக்கதை 2006-இல் மார்ட்டின் ஸ்கார்செசியின் கையில் ‘தி டிபார்ட்டட்’ ஆகி பாஸ்டன் நகருக்குச் சென்றபோதும் வேர்கொள்ள மண் இருந்தது. அந்நகரின் கும்பல் தலைவர் ஜேம்ஸ் பல்ஜர் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைக்கு உளவு சொல்பவராகப் பதிவானவர். அவரைக் கையாண்ட அதிகாரி ஜான் கானலியே அவருக்குச் செய்தி கசியவிட்டு, 1994-இல் அவர் தப்பிக்கத் துணைபுரிந்தார். 2002-இல் அவ்வதிகாரி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. யார் யாருக்கு ஒற்றர் என்பதே அங்குத் தலைகீழாயிற்று.

நம் திரையில்

இந்தியத் திரையும் இவ்வினாவைத் தனக்கே உரிய வகையில் அறிந்திருந்தது. 1978-இல் வந்த ‘டான்’ என்னும் இந்திப் படமும், அதன் தமிழ் வடிவமாக 1980-இல் வந்த ‘பில்லா’வும் எளிய வணிகப் படங்கள். எனினும் இறந்த கொள்ளைத் தலைவனின் உருவத்தை ஒத்த ஓர் ஏழையைக் கும்பலுக்குள் அனுப்பிய காவல் அதிகாரி திடீரென இறந்துபோக, அவ்வேழை உண்மையில் யார் என்று சொல்ல எவரும் இல்லாமற் போகும் கதைமுடிச்சு, ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே நம் திரையரங்குகளில் கைதட்டல் பெற்றுவிட்டது.

இதனினும் ஆழமானது ‘குருதிப்புனல்’. கோவிந்த் நிஹலானியின் ‘துரோக்கால்’ 1994-இல் வந்தது. அதனைத் தழுவிக் கமல்ஹாசன் எழுத, பி. சி. ஸ்ரீராம் இயக்கிய இத்தமிழ்ப்படம் அடுத்த ஆண்டே வெளிவந்தது. பாடல் இல்லாத படம். தீவிரவாதக் குழுவொன்றுக்குள் காவல்துறை தன் ஆட்களை அனுப்புகிறது. அக்குழுவின் தலைவனோ காவல் அதிகாரியையே தன் ஆளாக்க முயல்கிறான். பணம் அவன் கருவி அன்று. அதிகாரியின் மனைவியும் மகனுமே அவன் கருவி. தன் மேலதிகாரியும் முன்னரே இவ்வாறு முறிக்கப்பட்டவர் என்பதை நாயகன் அறியும் இடம் படத்தின் மையம். துன்புறுத்தினும் சோராதவனே ஒற்றன் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். எத்தகைய உறுதிக்கும் முறியும் இடம் ஒன்று உண்டு என்று இப்படம் அதற்கு மறுமொழி கூறுகிறது. இறுதியில் நாயகன் தன் உயிரையே கொடுத்து, குழுவுக்குள் எஞ்சிய ஒற்றனின் வேடத்தைக் காக்கிறான். ஹாங்காங் கதையில் சாட்சி கொல்லப்படுகிறார். இங்கே சாட்சி தானே விரும்பி இறக்கிறான். ஒற்றன் வெல்கிறான்; அவன் யார் என்று அறிந்தவரின் வட்டமோ மேலும் சுருங்கிவிடுகிறது.

கதை காணாத முகங்கள்

இதுகாறும் கண்ட கதைகளில் ஏறத்தாழ எல்லாமே ஒற்றனின் துயரைப் பேசுவன. அவனை நம்பியவர்களின் துயர் ஓரத்தில் நிற்கிறது. நத்தாலியா போன்ற சிலரே விலக்கு. இலண்டன் பெருநகரக் காவல்துறை 1968-இல் ஒரு மறைபிரிவை அமைத்தது. போராட்டக் குழுக்களில் ஊடுருவுவதே அதன் பணி. 2008 வரை அப்பிரிவு இயங்கியது. அதன் காவலர் பலர் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். சிலர் தாம் உளவு பார்க்கச் சென்ற குழுக்களிலிருந்த பெண்களோடு ஆண்டுக்கணக்கில் இல்லறம் நடத்தி, ஒருநாள் சொல்லாமல் மறைந்தனர். காரணம் அறியாத பெண்கள் பின்னாளில் தாமே ஆவணங்களைத் தேடி, காதலன் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்பதைக் கண்டுபிடித்தனர். 2015-இல் காவல்துறை ஏழு பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கோரியது. அதே ஆண்டில் பொது விசாரணை ஆணையமும் அமைந்தது.

இங்கே துப்பறிந்தவர்கள் பெண்கள். சாட்சிக்கூண்டில் ஏறியவர்களும் அவர்களே. மக்பார்லண்டின் நாளில் ஒற்றன் சாட்சி சொல்ல, அவனை நம்பியவர்கள் குற்றவாளிகளாய் நின்றார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அவ்வரிசை ஓரிடத்திலேனும் மாறியிருக்கிறது. காவல்துறைக் கதை எழுதுவோர் இன்னும் பெரிதும் எழுதாத கதை இதுவே. ஒற்றனின் பிளவுண்ட மனத்தைச் சித்திரிக்க நூறு வழிகளைக் கண்ட இக்கலை, அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவளின் பிளவுண்ட நினைவைச் சித்திரிக்க இனிமேல்தான் கற்கவேண்டும்.

கவிஞர் நிறைந்த நம் வட்டத்துக்கு இப்பொருள் அயலானது அன்று. புறநானூற்றின் 47-ஆம் பாட்டுக்கு அமைந்த குறிப்பு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றனாக வந்தவன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். பகை கொண்ட இரு சோழர்க்கிடையே பரிசில் நாடித் திரிந்த ஒருவன். அவன் உள்ளத்தை மெய்ப்பிக்க ஓலையும் இல்லை, கோப்பும் இல்லை. கோவூர்கிழார் அங்கே எழுந்து நின்று, பெற்றதைப் பிறர்க்கும் ஈந்து வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கு நினையார் என்று பாடினார். இளந்தத்தன் பிழைத்தான். வள்ளுவர் ஒற்றனை ஆளும் நெறியைச் சொன்னார். கோவூர்கிழாரோ ஒற்றன் என்று ஐயுறப்பட்டவனுக்குச் சாட்சியாய் நின்றார். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தின் அமர்வுகளில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.